பங்குனி மாதத்துப் பீலிகள்

புதன், ஹட்டன்

கண்டியில் பஸ் மாறி, நாவலப்பிட்டி, கினிகத்தேனை என்று ஏறி ஏறி ஹட்டனில் இறங்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. வழியில் வட்டவளை. இலங்கையின் மழை வரைபடத்தில் கடும் நீலத்தில் இருக்கும் இடம். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும் என்று எத்தனையோ வகுப்புப் பிள்ளைகளை எழுத வைத்திருக்கிறேன். அந்த வட்டவளைக்குச் சற்று மேலே, மலை ஊற்றுநீர் குழாயால் வந்து விழும் வீதியோரப் பீலி ஒன்றில் மஞ்சளும் நீலமுமாகத் தண்ணீர்க் கான்கள் வரிசையில் நின்றன. கான்களுக்குச் சொந்தக்காரர்கள் மதகில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அவசரம் இல்லை. அவசரப்பட்டாலும் தண்ணீர் கூடுதலாக வரப்போவதில்லை.

இதைப் பார்க்கத்தான் வந்தேன். பேராதனையில் என்னோடு படித்த தோழி ஹட்டனில் இருக்கிறாள். போனில் கதைக்கும்போதெல்லாம் ஒரே முறைப்பாடு: "கார்த்திகையில மண்சரிவு, பங்குனியில தண்ணி இல்ல. ரெண்டுக்கும் நடுவுல மலைக்கு என்னடி நடக்குது? நீதானே ஜியோகிரபி டீச்சர், வந்து சொல்லு." அவள் படித்தது வரலாறு. இருவரும் ஓய்வுபெற்றாயிற்று, சாக்குச் சொல்ல முடியவில்லை.

நான் கிணற்று ஊர்க்காரி. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதன் பொந்துகளிலும் வெடிப்புகளிலும் மழைநீர் தேங்கி, கடலிலிருந்து ஊடுருவிய உப்புநீரின் மேல் மிதக்கிறது. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நின்றால் கீழே சுமார் 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. கடல் ஏறினாலும் சரி, மோட்டர் போட்டு அதிகம் இறைத்தாலும் சரி, அந்தக் கணக்குக் குழம்பும். எங்கள் பயம் உப்பு.

மலையகத்தின் பயம் வேறு. இங்கே கீழே இருப்பது மிகப் பழைய உருமாறிய பாறை: சார்னோகைட், குவார்ட்சைட், நைஸ். வெடிப்பில்லாத நல்ல பாறையில் தண்ணீர் தங்கும் இடைவெளி நூற்றுக்கு ஒரு பங்குகூட இருக்காது. தண்ணீர் நிற்பது அந்தப் பாறை உக்கிப்போன மேல்தோலிலும் பாறையின் வெடிப்புகளிலும் மட்டும்தான். அந்தத் தோல் சில இடங்களில் இரண்டு மூன்று மீற்றர், சில இடங்களில் பத்துக்கு மேல். மலை முழுக்கத் தண்ணீர் நிரம்பியிருப்பதாக நினைப்பது எங்கள் சமதரைக்காரரின் கற்பனை. பாறைமேல் விரித்த ஈரச் சாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஊற்றினால் சாக்கு உறிஞ்சும், பிறகு பல நாள் ஓரத்தால் சொட்டும். வாளியோடு கொட்டினால் மேலால் வழிந்து போய்விடும்.

இரவு தோழி வீட்டில் றொட்டியும் கட்டைச்சம்பலும். குளிக்க ஒரு வாளி தந்தாள், இரண்டாவது வாளி கேட்கத் தயக்கமாக இருந்தது.

வியாழன், டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டம்

தோட்டத்தின் பெயர் எழுதவில்லை. துரைமாருக்கும் தொழிலாளிக்கும் நடுவில் ஏற்கெனவே போதிய பிரச்சினை இருக்கிறது.

காலை நாலரைக்கே பீலிக்கரையில் ஆள் நடமாட்டம் தொடங்கிவிடுகிறது. பெண்கள் மலைக்குப் போகுமுன் தண்ணீர் பிடித்து, பிள்ளைகளைக் கழுவி, சமைத்து வைத்துவிட்டு ஓட வேண்டும். நாங்கள் ஆறு மணிக்குப் போனோம். சிமெந்துத் தொட்டிக்கு மேலே பிவிசி குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சும்மா பார்த்து "குறைவு" என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு தங்கச்சியிடம் 20 லீற்றர் கானைக் கேட்டு வாங்கி, போனில் நேரம் பிடித்தேன். நிரம்ப நாலு நிமிடம். நிமிடத்துக்கு 5 லீற்றர், மணிக்கு 300, நாளுக்கு 7,200 லீற்றர்.

இந்தப் பீலியை நம்பி இருப்பது இரட்டை லயம் ஒன்று, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகள், 24 குடும்பம். 7,200ஐ 24ஆல் வகுத்தால் குடும்பத்துக்கு 300 லீற்றர். கொழும்பில் இருந்து பார்ப்பவருக்கு இது போதும்போல் தெரியும். ஆனால் இங்கே சேமிக்கும் தாங்கி கிடையாது. தொட்டி கொள்வது சில வாளிதான், மற்றது இரவெல்லாம் வடிகானுக்குள் ஓடி வீண். பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைக் கூட்டத்துக்கு முன் எல்லாருக்கும் தண்ணீர் தேவைப்படும் அந்த இரண்டு மணி நேரத்தில் வருவது 600 லீற்றர், குடும்பத்துக்கு 25. ஒரு கானும் கொஞ்சமும். 24 குடும்பத்தின் காலைச் சண்டை முழுக்க அந்தக் "கொஞ்சத்தில்" இருக்கிறது.

எனக்கு இதில் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. ஐந்தாயிரம் லீற்றர் பிளாஸ்டிக் தாங்கி ஒன்று வைத்தால் இரவில் வருவதெல்லாம் காலைக்கு நிற்கும். அதை யார் வைப்பது? தோட்டம் என்றால் கம்பனி, கம்பனி என்றால் பிரதேச சபை, சபை என்றால் "அது தோட்டக் காணி". ஒரு நூற்றாண்டுக்கு மேல் அதே லயத்தில் இருக்கிறவர்களுக்கு நிலமும் இல்லை, நிலத்துக்கடியில் வரும் தண்ணீரில் கேள்வி கேட்கும் உரிமையும் இல்லை.

பீலிக்கு மேலே ஏறிப் போனோம். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியம்மா வழிகாட்டினார், எழுபதுக்கு மேல் வயது, எங்கள் இருவரையும் விட வேகம். "அந்தா, கொழுந்து நிறுக்கிற அந்த மடுவம் தெரியுதுங்களா டீச்சர், அதுக்கு மேல சின்னக் காடு இருந்துச்சு. அட்டை கடிக்கும்னு நாங்க போக மாட்டோம். அப்ப பீலி பங்குனியிலயும் பேசிக்கிட்டே இருக்கும்." இப்போது அங்கே டர்பன்டைன் என்று இங்கே சொல்லும் யூக்கலிப்டஸ் மரங்கள், நேர்வரிசையில். கீழே புல்லும் சரியாக முளைக்கவில்லை. காலால் இலைச்சருகை விலக்கி, போத்தல் தண்ணீரை ஊற்றினேன். மண் உடனே குடிக்கவில்லை. சிறு முத்துகளாக உருண்டு சரிவில் போனது. நீண்ட வறட்சியில் இந்த வகை மரங்களின் கீழ் மண் தண்ணீரை ஒட்டவிடாத தன்மைக்குப் போகும். அடுத்து வரும் முதல் பெருமழை அப்படியே வழிந்துவிடும்.

இங்கேதான் காலநிலை மாற்றம் கதைக்குள் வருகிறது. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். அதனால் கொட்டும்போது மழை கடுமையாகக் கொட்டுகிறது. இடையில் வெயில் நீள்கிறது. வெயிலில் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஆவியாவது கூடுகிறது, அதனால் மழை திரும்பி வரும்போது மண் முதலில் தன் தாகத்தைத் தீர்க்கிறது. மிச்சம்தான் கீழே இறங்கி நிலத்தடி நீராகும். ஆண்டு முடிவில் மழைமானியைக் கூட்டிப் பார்த்தால் மொத்தம் பெரிதாக மாறாமல் இருக்கலாம். ஆனால் நூறு மில்லிமீற்றர் பத்து நாளில் பெய்வதும் இரண்டு மணி நேரத்தில் பெய்வதும் பீலிக்கு ஒன்றல்ல. சமதரையில் என்றால் பெருமழை குளத்தை நிரப்பி நிலத்தடி நீரைக் கூட்டுவதும் உண்டு. மலைச்சரிவில் தண்ணீருக்கு நிற்க நேரமில்லை. போதாததற்கு, இந்தச் சரிவுகளில் மொத்த மழையும் குறைந்துதான் வருகிறது என்று மேற்குச் சரிவின் நீண்டகாலப் பதிவுகளை வைத்துப் புவியியலாளர்கள் பல காலமாகவே எழுதி வருகிறார்கள்.

இன்னொன்று. தேயிலை மலையில் வடிகான் வெட்டுவது மண் அரிப்பைத் தடுக்க. தண்ணீரைக் குறுக்கே மறித்து ஓடைக்குக் கொண்டுபோய் விடும். நல்ல வேலைதான். ஆனால் வடிகானுக்குள் குழி விட்டு, முள்ளு என்ற கவைக் கருவியால் மண்ணைக் கிளறி வைத்தால் பாதித் தண்ணீர் அங்கேயே இறங்கும். "முந்தி முள்ளுக் குத்துவாங்க, இப்ப ஆளு இல்ல, சம்பளம் கட்டாதுன்னு விட்டுட்டாங்க" என்றார் பெரியம்மா. தண்ணீரை வெளியேற்றும் பாதி வேலை மட்டும் ஒழுங்காக நடக்கிறது.

வெள்ளி, நுவரெலியா

தலவாக்கலையில் தேநீர் குடிக்க மட்டும் இறங்கினோம். சென்கிளயார் நீர்வீழ்ச்சி மெலிந்து கிடந்தது. மேல்கொத்மலை நீர்மின் திட்டத்துக்குப் பிறகு அதற்குத் தண்ணீர் அளந்துதான் விடப்படுகிறது. படம் பிடித்துக்கொண்டிருந்த பையன்களுக்கு அதைச் சொல்லி அவர்கள் உற்சாகத்தைக் கெடுக்கவில்லை.

நுவரெலியாவில் சீசனுக்கு இன்னும் சில நாள் இருக்கிறது. ஆனாலும் விடுதிகள் பூச்சட்டி அடுக்கத் தொடங்கிவிட்டன. நாங்கள் கந்தப்பளைப் பக்கம் மரக்கறித் தோட்டங்களைப் பார்க்கப் போனோம். லீக்ஸ், கோவா, கரட். பள்ளத்தில் தோண்டிய ஊற்றுக்குழிகளில் மோட்டர் உறுமுகிறது, தெளிப்பான்கள் சுற்றுகின்றன. மேட்டிலே லயத்துப் பீலி நாலு நிமிடத்துக்கு ஒரு கான் தரும்போது பள்ளத்திலே இப்படி. தண்ணீர் பள்ளத்துக்குத்தான் இறங்கும், அதில் அநியாயம் ஒன்றுமில்லை. ஆனால் ஊற்றுக்குழி ஆழமாக ஆழமாகப் பக்கத்துக் குழியின் மட்டம் இறங்குகிறது, அப்புறம் அவரும் ஆழப்படுத்துகிறார். உரமும் கோழி எருவும் அள்ளிப் போடுகிற மண் இது. மழை வந்தால் நைத்திரேற்று கரைந்து அதே ஊற்றுக்குள் இறங்கும். நீர்மட்டம் குறைந்த மாதங்களில் கரைசல் தடிக்கும். குடிப்பதும் பக்கத்தில் உள்ள கிணற்றிலிருந்துதான்.

ஒரு மரக்கறிக்கார அண்ணன் மிகவும் நியாயமாகக் கதைத்தார். "டீச்சர், மழை வாற நேரத்துக்கு வந்தா நான் ஏன் டீசல் ஊத்தப் போறேன்? முந்தி நாட்டினா அப்புறம் மழை பாத்துக்கும். இப்ப நாட்டின அன்னைக்கே மோட்டரப் போட வேண்டியிருக்கு." மழை தவறுவதால் மனிதன் எடுக்கும் தண்ணீர், மழை தவறுவதால் இறங்காத தண்ணீரை விடப் பெரிதாகிவிடலாம். நிலத்தடி நீர் இரண்டு பக்கத்தாலும் அடி வாங்குகிறது.

இரவு தோழி தன் பாடத்துக்கு வந்தாள். 1869இல் கோப்பி இலைநோய் வந்து தோட்டங்கள் அழிந்து, தேயிலை பரவிய காலம். மலையுச்சிகள் வரை காடு மொட்டையாகிக்கொண்டிருந்தபோது, 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேல் காடு வெட்டக் கூடாது என்று ஆலோசனை சொன்னார். காலனி அரசும் கேட்டது. "லாபத்துக்காகக் காட்டை வெட்டினவனே தண்ணிக்காக உச்சிக் காட்டை விட்டு வச்சான். அந்த விதி இல்லேன்னா இன்னைக்கு மகாவலி இல்லடி" என்றாள். மிகைதான். ஆனால் நாளை போகப்போகும் இடம் அந்த விதியால் தப்பியதுதான்.

சனி, ஹோர்ட்டன் சமவெளி

விடியற்காலை வேனில் பட்டிப்பொல வழியாக ஏறினோம். கை விறைத்தது. இங்குள்ள 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பள்ளத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் காலடியைப் பற்றி எழுதுகிறேன்.

2,100 மீற்றருக்கு மேல் புல்வெளியும் குட்டை மரக் காடும். மண் கறுப்பு. சதுப்பில் ஒரு அடி வைத்தால் சப்பாத்துக்குள் குளிர்கிறது. பங்குனியிலும். மகாவலி, களனி, வளவை மூன்று ஆறுகளின் தலைநீரும் இந்தப் பக்கத்து மலைகளிலிருந்துதான் புறப்படுகிறது. மரக்கிளைகளில் பாசி தடிப்பாகத் தொங்குகிறது, முகில் வந்து மோதும்போது அது நீராகி இறங்குகிறது. இந்தத் தண்ணீரை மழைமானி முழுசாகப் பிடிக்காது, ஏனென்றால் இது மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வந்து ஒட்டிக்கொள்வது. முகில் தவழ்கிற நேரமும் முக்கியம்: வெயிலை மறைப்பதால் ஆவியாதல் குறையும். ஒரு மாதம் மழையே இல்லாவிட்டாலும் மண் ஈரமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

உலகம் சூடாகும்போது முகிலின் அடிமட்டம் மேலே ஏறும் என்பதுதான் இப்படிப்பட்ட காடுகளைப் பற்றிய கவலை. கீழே உள்ள மலைக்காட்டுக்கு மேலே போக இடம் உண்டு. இந்தக் காட்டுக்கு மேலே போக இடமில்லை, இதுதான் உச்சி. பாதையோரம் நின்ற நிலையிலேயே காய்ந்த மரங்களையும் கண்டோம். பல காலமாக நடப்பதுதான், காரணம் ஒன்றல்ல என்கிறார்கள்.

சாம்பார் மான் ஒன்று சுற்றுலாப் பயணி ஒருவரின் பொலித்தீன் பையை மென்றுகொண்டிருந்தது. பையைப் பிடுங்கப் போன தோழியை மான் முறைத்தது. அது மட்டும்தான் சாகசம்.

ஞாயிறு, பண்டாரவளை

நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாக இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் வேறு நாடு. மேற்குச் சரிவின் மழை தென்மேற்குப் பருவத்தில், பண்டாரவளை இருக்கும் ஊவாவின் மழை மார்கழியை ஒட்டி. பத்தனைப் புல்வெளிகளில் எழுபது எண்பதுகளில் நட்ட பைன் காடுகள் வழி முழுக்க. புல்நிலத்தில் மரம் நட்டால் ஓடைநீர் குறையும் என்பது தென்னாபிரிக்கா போன்ற நாடுகளில் நீண்டகாலம் அளந்து உறுதி செய்த விஷயம். மரம் நட்டால் மழை வரும் என்று பாடசாலையில் படிப்பித்ததை நினைத்துக் கொஞ்சம் சிரித்துக்கொண்டேன்.

ஆனால் பண்டாரவளைக்கு நான் வந்தது வேறு காரணத்துக்கு. காலநிலை மாற்றம் என்ற பெயரில் எல்லாவற்றையும் கட்டிவிடுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அந்த ஆபத்துக்கு இங்கே சாட்சி இருக்கிறது.

உமா ஓயா பல்நோக்குத் திட்டம். வெலிமடைப் பக்கம் புகுல்பொல, டயரபா என்று இரண்டு நீர்த்தேக்கங்கள். அங்கிருந்து மலையைக் குடைந்து தண்ணீரைக் கொண்டுபோய், வெல்லவாய அருகே நிலத்தடி மின்நிலையத்தில் 120 மெகாவாட் மின்சாரம் எடுத்து, பிறகு தென்கிழக்கு வறண்ட நிலங்களுக்கு அனுப்புவது. நோக்கத்தில் தப்பில்லை, அங்கும் வாய் இருக்கிறது. மலைக்கு அடியால் போகும் முதன்மைச் சுரங்கம் மட்டும் ஏறத்தாழ 15 கிலோமீற்றர். 2014 டிசம்பர் கடைசியில், சுரங்கம் தோண்டும் இயந்திரம் வெடிப்புள்ள பாறையில் மோதியதும் தண்ணீர் பீறிட்டது. சில நாட்களில் மேலே கிணறுகள் வற்றத் தொடங்கின. மகுல்எல்ல, ஹீல்ஓய போன்ற கிராமங்களில் சுவர் வெடித்தது, நிலம் இறங்கியது. 2017இல் மறுபடியும் சுரங்கத்தில் தண்ணீர் உடைத்தது. அந்த ஜூனில் பண்டாரவளை நகரமே கடையடைத்துத் தெருவில் நின்றது. பாதிக்கப்பட்ட வீடுகள் ஆயிரக்கணக்கில். 2024 ஏப்ரலில் திட்டம் திறக்கப்பட்டது.

நடந்தது விளங்காத மர்மம் அல்ல. உக்கிய மண்தோலில் நிற்கும் தண்ணீருக்கும் கீழே பாறை வெடிப்பில் இருக்கும் தண்ணீருக்கும் தொடர்பு உண்டு. ஆழத்தில் ஒரு பெரிய துவாரம் போட்டால் வெடிப்புகள் வடியும், மேலே உள்ள நீர்மட்டம் கீழே இழுபடும். தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த மண் இறுகும், அதன்மேல் நின்ற வீடு வெடிக்கும். இதில் நான் கவனித்தது நாள்தான். டிசம்பர் ஊவாவுக்கு மழைக்காலம். அந்த 2014 டிசம்பரில் பதுளை மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும் வேறு. மழைக்காலத்தில் கிணறு வற்றினால் வானத்தைக் குறை சொல்ல முடியாது.

சிங்களக் கிராமம் ஒன்றில், தமிழ் நன்றாகப் பேசும் ஒரு ஐயா தன் கிணற்றைக் காட்டினார். கல் கட்டிய அழகான கிணறு. அடியில் வாளி நனையும் அளவு. "மழை பெஞ்சா வாறது, பிறகு ரெண்டு கிழமையில போறது. முந்தி வருசம் பூரா நின்றது" என்றார். 2016, 17இல் நாடு முழுக்க அடித்த வறட்சியையும் அவர் மறக்கவில்லை. "அப்ப வந்த ஒரு அதிகாரி, இது வறட்சி ஐயா, எல்லா இடமும் இப்படித்தான் என்று சொன்னார். எல்லா இடமும் என்றால் எல்லா இடத்திலயும் வீடு வெடிக்க வேண்டுமே என்று கேட்டேன்."

இந்தக் கேள்விக்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. காலநிலை மாறுகிறது, அது உண்மை. மெல்லிய மண்தோலில் நிற்கும் தண்ணீர் அதனால் நொந்துபோகிறது, அதுவும் உண்மை. ஆனால் நொந்துபோனதை உடைத்தவர்கள் காலநிலையின் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது. சூடாகும் உலகத்துக்கு வழக்குப் போட முடியாது, நட்டஈடு கேட்கவும் முடியாது. அதனால்தான் அது சிலருக்கு வசதியான குற்றவாளி.

தோழி இன்று முழுக்க மௌனம். அவளுடைய அக்கா குடும்பம் இந்தப் பக்கம்தான். அவர்கள் வீட்டுச் சுவரிலும் வெடிப்பு இருப்பதை இரவில்தான் சொன்னாள்.

திங்கள், கொஸ்லந்தை

ஹப்புத்தளையில் முகில் இல்லை, கீழே தெற்குச் சமவெளி மங்கலாகத் தெரிந்தது. பேரகலையில் திரும்பி இறங்கினால் கொஸ்லந்தை.

மண்சரிவு புதைத்த மீரியபெத்தைத் தோட்டம். 2014 அக்டோபர் 29, புதன்கிழமை காலை. பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடம் போய்விட்டிருந்தார்கள், திரும்பி வந்தபோது லயங்கள் இருந்த இடத்தில் சேறு. அந்த இடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எழும்பிப் போகச் சொன்னார்கள். எங்கே போவது என்பதை யாரும் சொல்லவில்லை. இப்போது புல்லும் மானாவும் மூடியிருக்கிறது. கோயில் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தோம். படம் எடுக்கவில்லை.

நிலத்தடி நீரைப் பற்றி எழுதுகிறவள் இங்கே ஏன் வந்தாள் என்றால், தோழி போனில் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான். பங்குனியில் பீலியை வற்ற விடுவதும் கார்த்திகையில் மலையைச் சரிப்பதும் ஒரே மண்தோல். நாள்கணக்கில் அடைமழை பெய்து பாறைக்கு மேல் நீர்மட்டம் ஏற ஏற, மண்துகள்களுக்கு இடையில் நீரின் அழுத்தம் கூடி, ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்த பிடி தளரும். சரிவு அதன் எடையிலேயே புறப்படும். அதனால்தான் சரியப்போகும் இடத்தில் ஊற்று அடையாளம் காட்டுகிறது: புதிதாகத் திடீரென்று ஊற்று வரும், பழைய ஊற்று நின்றுவிடும், தெளிந்து வந்தது கலங்கி வரும். பதுளைப் பக்கம் பதுளுசிறிகமவில் ஜப்பானின் வெளிநாட்டு உதவி நிறுவனமான ஜய்க்காவின் உதவியோடு சரிவைக் காப்பாற்றியதும், பெரும்பாலும் மலைக்குள் குழாய் செருகி நிலத்தடி நீரை வடித்துவிட்டுத்தான். தாகத்தில் இருக்கும் மலையகத்தில் தண்ணீரை வடிப்பதற்குச் செலவழிக்கிறோம், செலவழிக்கத்தான் வேண்டும்.

2025 நவம்பர் 28 திட்வா புயல் வந்தபோது சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. நாடு முழுக்க அறுநூறுக்கு மேற்பட்ட உயிர். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில்தான் அதிகம். ஹட்டனிலிருந்து இங்கே வரும்வரை செம்மண் கீறல் இல்லாத சரிவைக் காண்பது கஷ்டமாக இருந்தது. கீறல் விழுந்த இடத்தில் தண்ணீரை வைத்திருந்த மண்ணே கீழே போய்விட்டது. அடுத்த மழையைப் பிடித்து வைக்க அங்கே இப்போது வெறும் பாறை. அத்தனை மழை பெய்து சில மாதத்தில் பீலி மெலிவதன் விடையில் ஒரு பகுதி இது.

பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளைக் காம்பராவைப் பார்க்கிற தங்கச்சி ஒரு சோடாப் போத்தலை வெட்டி மழைமானி செய்து வைத்திருக்கிறாள். பக்கத்தில் தாளில் மூன்று எண்: 75, 100, 150. இருபத்துநாலு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் கவனம், 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேறு. திட்வா இரவில் அவள்தான் லயத்தை எழுப்பினாளாம். அவளுடைய கொப்பியைப் புரட்டினேன். மழை பெய்யாத நாட்களில் கோடு போட்டிருக்கிறாள். மாசி முழுக்கக் கோடு.

"டீச்சர், ஓடுறதுக்கு நம்பர் இருக்கு. பீலி எப்ப நிக்கும்னு சொல்ல ஒரு நம்பர் இல்லீங்களா?" என்று கேட்டாள்.

அப்படி அச்சடித்த எண் இல்லை, ஆனால் நீயே உண்டாக்கலாம் என்றேன். வெள்ளிக்கிழமைதோறும் ஒரே நேரத்தில் அதே கானை வைத்து நிரம்பும் நேரத்தை எழுதினால் போதும். ஒரு வருடம் எழுதினால், மழை நின்று எத்தனை கிழமையில் தண்ணீர் பாதியாகிறது என்பது தெரியும். இரண்டு வருடம் எழுதினால் கங்காணியிடமோ பிரதேச செயலகத்திலோ "தாங்கி மாசிக்கு முன்னால் வேண்டும்" என்று நாளோடு சொல்லலாம். அதுவரை பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய அம்மா குறுக்கிட்டார்: "எழுதிக் குடுத்தா தாங்கி வருமா?" எனக்குத் தெரியாது, எழுதாமல் கேட்டால் வரவில்லை என்பது மட்டும் தெரியும் என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை. "சரி, எழுதட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேயிலைச் சாயம் ஊற்றப் போனார்.

தோழி கொப்பியின் பின்பக்கத்தில் கோடு கிழித்துக் கொடுத்தாள்: திகதி, நேரம், நிமிடம், விநாடி, தண்ணீர் கலங்கலா தெளிவா. கடைசிப் பத்தி என்னுடைய யோசனை, சரிவுக்கும் உதவும்.

வெல்லவாய பஸ் மூன்றரைக்கு. அங்கிருந்து இரவு பஸ் பிடிக்க வேண்டும். படங்களை ஊர் போய்ச் சேர்ந்த பிறகு போடுகிறேன்.